மிகைல் க்ரூக்: ரஷ்ய ஷான்சன் பாடகரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிகைல் க்ரூக் யார்?

ரஷ்யாவில் 1990களில் ஷான்சன் என்ற பாட்டு வகைக்கே முகமாக இருந்தவர். பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, பாடியதும் அவரேதான். 1962 ஏப்ரல் 7 அன்று பிறந்தார். 2002 ஜூலை 1 அன்று, 40 வயதில், தன் வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுட்டதில் இறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மிகைல் விளாதிமிரோவிச் வொரோபியோவ். க்ரூக் என்பது மேடைக்காக அவரே வைத்துக்கொண்டது.

‘விளாதிமிர்ஸ்கி சென்ட்ரல்’ என்ற ஒரே பாட்டு போதும், ரஷ்ய மொழி பேசும் எந்த ஊரிலும் அவரை அடையாளம் சொல்ல. அந்த வகைப் பாட்டைப் பிடிக்காதவர்களுக்கும் அதன் முதல் வரி தெரியும்.

ஷான்சன் என்றால் பிரெஞ்சுப் பாட்டு இல்லையா?

பெயர் பிரான்சிலிருந்து வந்தது, பாட்டு அங்கிருந்து வரவில்லை. ரஷ்யாவில் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் சிறை, திருட்டு, நாடு கடத்தல், பிரிவு, அம்மாவுக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றைச் சொல்லும் கதைப்பாட்டு. பழைய காலத்தில் இதற்கு ‘ப்ளத்னாயா’ பாட்டு என்று பெயர், அதாவது திருடர் கூட்டத்தின் பாட்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கடையில் விற்பது சிரமம். 1980, 90களில் கேசட் வியாபாரம் பெருகியபோது ஷான்சன் என்ற கௌரவமான பெயர் ஒட்டிக்கொண்டது. 2000இல் இதே பெயரில் ஒரு வானொலியும் வந்த பிறகு அது நிலைத்துவிட்டது.

இசை எளிமையானது. சோகச் சாயல் உள்ள மைனர் ஸ்வரவரிசை, கித்தார், அக்கார்டியன், கீபோர்டு. பாட்டின் சொல்தான் முக்கியம். மெட்டு அந்தச் சொல்லைக் காதுவரை கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

க்ரூக்குக்கு முன்னால் இதைப் பாடியவர்கள் யார்?

இந்தப் பாட்டுகளில் பல, யார் எழுதியது என்றே தெரியாமல் ஒதேசா துறைமுகத்திலும் சைபீரிய முகாம்களிலும் வாய்வழியாக வளர்ந்தவை. சோவியத் அரசு இவற்றை வானொலியில் விடவில்லை, இசைத்தட்டாகவும் போடவில்லை. அதனால் மக்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே தாளில் பாட்டைப் பதிந்து திருட்டுத்தனமாக விற்றார்கள். ஒருவருடைய விலா எலும்புப் படத்தின்மேல் ஊசி சுற்ற, அதிலிருந்து தடைசெய்த பாட்டு கேட்கும். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் பிரதி எடுத்து நாடு முழுக்கப் பரப்பினார்கள்.

அந்த டேப் காலத்தின் அரசன் அர்காதி செவெர்னி. 1939இல் இவானோவோவில் பிறந்தவர். லெனின்கிராடில் நண்பர்களின் வீடுகளிலும் மறைவான ஒலிப்பதிவு அறைகளிலும் நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பாடி வைத்துவிட்டு 1980இல், 41 வயதில் இறந்துபோனார். அவருடைய ஓர் இசைத்தட்டுகூட அவர் காலத்தில் அதிகாரபூர்வமாக வரவில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்காத சோவியத் நகரம் இல்லை எனலாம்.

இன்னொரு கிளை அமெரிக்காவில் முளைத்தது. வில்லி தோக்கரெவ் நியூயார்க்கில் டாக்சி ஓட்டிச் சேர்த்த காசில் பாட்டுப் பதிந்தவர். மிகைல் ஷுஃபுதின்ஸ்கி அங்கே ரஷ்ய உணவகங்களில் பாடினார். இவர்களின் கேசட்டுகள் கப்பல் ஊழியர்கள் கையிலும் பயணிகள் பெட்டியிலும் மறைந்து தாய்நாடு திரும்பின.

க்ரூக் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர். சிறுவயதில் அவர் மிகவும் மதித்தது, கித்தாரோடு தன் பாட்டைத் தானே எழுதிப் பாடிய சோவியத் கவிஞர் விளாதிமிர் விசோத்ஸ்கியை. ஆனால் இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே தெரியும். விசோத்ஸ்கி தொண்டை கிழியப் பாடுவார். க்ரூக் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுவார். அந்தத் தணிந்த குரல்தான் அவருடைய பெரிய சொத்து என்பது என் எண்ணம்.

அவர் எந்த ஊர்?

ட்வேர். வோல்கா நதிக்கரையில், மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகும் வழியில் உள்ள பழைய நகரம். அவர் பிறந்தபோது அதன் பெயர் கலினின். 1990இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. (அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறைய பேர் படிப்பதால், ட்வேர் என்ற பெயர் நம் ஊரில் சில வீடுகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.)

அவர் வளர்ந்தது மொரோசோவ் குடியிருப்பில். ஜார் காலத்தில் மொரோசோவ் என்ற ஜவுளி முதலாளி குடும்பம் தன் ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடங்கள் அவை. நீண்ட நடைகூடம், இருபுறமும் அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவான சமையலறை. ஒரு வீட்டில் சண்டை என்றால் மாடி முழுக்கக் கேட்கும். சிறையிலிருந்து ஒருவர் திரும்பி வந்தால் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். க்ரூக்கின் பாட்டில் வரும் மனிதர்களை அவர் எங்கே பார்த்தார் என்று கேட்பவர்கள் இந்தக் கட்டடங்களின் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

அப்பா பொறியாளர், அம்மா கணக்கு வேலை பார்த்தவர். போரில் சண்டையிட்ட தாத்தாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள்.

பாடுவதற்கு முன் என்ன வேலை செய்தார்?

ஓட்டுநர். பள்ளி முடித்து வண்டி பழுதுபார்க்கும் தொழில் கற்றார். ராணுவச் சேவைக்கு உக்ரைனின் சுமி பகுதிக்குப் போனார். திரும்பி வந்ததும் ட்வேரில் பால், தயிர், வெண்ணெய் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகும் வண்டியை ஓட்டினார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஏறக்குறைய பத்து ஆண்டுகள். நடுவில் அவரை வண்டிப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள், தொழில்நுட்பக் கல்லூரியிலும் சேர்த்துவிட்டார்கள். மேசை வேலை ஒத்துவரவில்லை. மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போய்விட்டார்.

இந்தப் பத்து ஆண்டுகளை அவருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, ஊரின் ஒவ்வொரு கடைப் பின்வாசலிலும் நின்று, சுமை இறக்குபவர்களோடும் கடைக்காரப் பெண்களோடும் தினம் பேசிப் பழகிய மனிதர் அவர். அந்தப் பேச்சுதான் பிறகு பாட்டாக வந்தது.

பாட்டு எப்போது ஆரம்பித்தது?

சிறுவயதிலேயே கித்தார் வாசித்தார், கவிதை எழுதினார். இசைப் பள்ளியில் பயான் என்ற ரஷ்ய அக்கார்டியன் கற்கப் போய், பாதியில் விட்டுவிட்டார். திருப்பம் 1987இல் வந்தது. ஒரு பாட்டுப் போட்டியில் ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய தன் பாட்டைப் பாடிப் பரிசு வாங்கினார். நடுவர் குழுவில் இருந்த எவ்கேனி க்ளியாச்கின், அன்று கித்தார் கவிஞர்களில் பெரிய பெயர். அவர் கொடுத்த ஊக்கத்துக்குப் பிறகுதான் வொரோபியோவ் என்ற ஓட்டுநர் க்ரூக் என்ற பாடகர் ஆனார்.

1989இல் ‘ட்வேர்ஸ்கியே ஊலிட்சி’, அதாவது ட்வேர் தெருக்கள், என்ற முதல் தொகுப்பை உள்ளூரிலேயே பதிந்தார். அடுத்து ‘காத்யா’ என்ற ஒன்று. இவை கடைக்கு முறையாக வரவே இல்லை. யார் யாரோ பிரதி எடுத்து விற்றார்கள். ரயில் நிலையப் பெட்டிக்கடைகளிலும் டாக்சிகளிலும் அவர் குரல் ஒலித்தது. அவர் கைக்கு ஒரு ரூபிளும் வரவில்லை. சோவியத் யூனியன் உடைந்த அந்த ஆண்டுகளில் காப்புரிமையை நடைமுறையில் யாரும் மதிக்கவில்லை.

1994இல் வந்த ‘ஜிகான்-லிமோன்’தான் முறையாக வெளியான முதல் ஆல்பம். அதோடு ட்வேருக்கு வெளியேயும் பெயர் பரவியது. ‘பபூத்சிக்’ என்ற தன் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார், சிறைகளிலும் பாடினார், பிறகு வெளிநாடுகளில் வாழும் ரஷ்யர்களுக்காகவும் பாடினார். ‘ஸெல்யோனி ப்ரகுரோர்’, ‘ஜிவாயா ஸ்த்ரூனா’ என்று 1996இல் இரண்டு ஆல்பங்கள். 1998இல் ‘மதாம்’.

அவர் சிறையில் இருந்தவர்தானே?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான். மிகைல் க்ரூக் ஒரு நாளும் தண்டனை அனுபவித்தவர் இல்லை.

திருடர்களின் ரகசியப் பேச்சு அவருக்கு எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்றால், ஒரு பகுதி ஊரில் கேட்டது. இன்னொரு பகுதி புத்தகத்தில் படித்தது. குற்றவாளிகளின் பேச்சைப் புரிந்துகொள்ள காவல்துறை தன் அதிகாரிகளுக்காக 1924இல் தொகுத்த ஓர் அகராதி அவர் கைக்குக் கிடைத்தது. அதிலிருந்துதான் பழைய சொற்களை எடுத்தார். அதனால்தான் அவர் பாட்டில் உள்ள திருடர் மொழி 1990களின் ரவுடிப் பேச்சாக இல்லாமல் சில தலைமுறை முந்தையதாக, கொஞ்சம் பழமை வாசம் வீசுவதாக இருக்கிறது.

இருந்தும் சிறைக்குள் இருந்தவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள். வேஷம் போடுகிறவரை அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். க்ரூக் தான் உள்ளே இருந்ததாக எங்கும் பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பவனின் மனநிலையை மட்டும் பாடினார்.

‘விளாதிமிர்ஸ்கி சென்ட்ரல்’ எதைப் பற்றியது?

மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1783இல், பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்தில் தொடங்கிய சிறைதான் விளாதிமிர் மத்தியச் சிறை. அங்கே இருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் ரஷ்ய வரலாற்றின் ஒரு பக்கத்தையே பார்த்ததுபோல இருக்கும். ஸ்டாலின் இறந்தபின் அவர் மகன் வசிலி வேறொரு பெயரில் அங்கே அடைபட்டிருந்தார். நாட்டுப்புறப் பாடகி லிதியா ருஸ்லனோவா, கவிஞர் தனியீல் அந்த்ரேயெவ், 1960இல் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானி கேரி பவர்ஸ் என எல்லோரும் அந்தச் சுவர்களைப் பார்த்தவர்கள்.

க்ரூக்கின் பாட்டில் இவர்கள் யாரும் வருவதில்லை. ட்வேரிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட ஒரு கைதி வருகிறான். வசந்தம் திரும்ப வந்துவிட்டது, அவன் உள்ளே இருக்கிறான். வடக்குக் காற்று அடிக்கிறது. பழைய நினைவு வருகிறது, முன்பு நேசித்த ஒரு பெண்ணின் ஞாபகம் வருகிறது. தான் கெட்ட விதத்தைச் சீட்டாட்டத்தின் கணக்கில் சொல்கிறான்: இருபத்தொன்றைத் தாண்டினால் தோற்கிற ஆட்டத்தில், பதினொன்று கையில் இருக்கும்போது இன்னொரு பதினொன்றாக ஏஸ் வந்து விழுந்து கணக்கு தாண்டிப்போகிற கதை. செய்த குற்றம் என்ன என்று பாட்டு சொல்லவே இல்லை. பெருமையும் இல்லை, பழிவாங்கும் பேச்சும் இல்லை.

ட்வேர் பாதாள உலகில் பேர்பெற்ற ஒருவருக்காக இது எழுதப்பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தக் கதை பாட்டுக்கு எதையும் கூட்டவில்லை. குற்றம் மறைந்து, வசந்தத்தைத் தவறவிட்ட ஒருவன் மட்டும் மிஞ்சியிருப்பதால்தான் ராணுவத்தில் இருப்பவனும், மருத்துவமனையில் படுத்திருப்பவளும், தூர ஊரில் வேலை பார்ப்பவனும் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

சிறைப் பாட்டை ஏன் சாதாரண மக்கள் இவ்வளவு விரும்புகிறார்கள்?

ரஷ்யாவில் சிறை என்பது குற்றவாளியின் அனுபவம் மட்டும் அல்ல. 1930 முதல் 1953 வரை குலாக் எனப்பட்ட சோவியத் கட்டாய உழைப்பு முகாம்கள் வழியாகச் சென்றவர்கள் சுமார் 1.8 கோடி பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆசிரியர்கள், விவசாயிகள், பாதிரியார்கள், பசிக்கு வயலில் கதிர் பொறுக்கியவர்கள், போரில் எதிரியிடம் சிக்கித் திரும்பியவர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. தாத்தா எங்கே போனார் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் அவர் பாடிக்கொண்டிருந்த பாட்டு வீட்டில் இருக்கும். வெளிப்படையாக அழ முடியாத ஒரு துக்கத்துக்கு இந்தத் திருடர் பாட்டு வழிவிட்டது.

அப்புறம் 1990கள். ஆலைகள் மூடப்பட்டன, சேமிப்பு கரைந்தது, இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கும்பல்களில் சேர்ந்து செத்தார்கள் அல்லது உள்ளே போனார்கள். அவர்களுடைய அம்மாக்களும் க்ரூக்கின் ரசிகர்கள்தான். இதை மறந்துவிட்டு இந்த இசையை ரவுடிகளின் இசை என்று மட்டும் சொல்வது அநியாயம்.

அவர் குற்றத்தை மகிமைப்படுத்தவில்லையா?

சில பாட்டுகளில், ஆமாம். திருடனின் ‘கௌரவம்’, காவல்காரன் மேல் வெறுப்பு, பணத்தைத் தண்ணீராக இறைக்கும் மிடுக்கு எல்லாம் அவரிடம் உண்டு. கேட்கிற பதினைந்து வயதுப் பையனுக்கு அது நஞ்சாகவும் ஆகலாம். சிறைச் சட்டதிட்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளிடையே பரப்பிய ஓர் உள்குழுப் பண்பாட்டை 2020இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் தீவிரவாதம் என்று தடைசெய்தது. அந்தக் கவலை வெறும் பிரமை அல்ல.

ஆனால் ‘கோல்ஷிக்’ என்ற பாட்டைக் கேளுங்கள். பச்சை குத்துபவனிடம் ஒரு கைதி தன் உடலில் தேவாலயக் கோபுரங்களைக் குத்தச் சொல்கிறான். ரஷ்யச் சிறை வழக்கில் கோபுரங்களின் எண்ணிக்கை எத்தனை முறை தண்டனை பெற்றான் என்பதைக் காட்டும். க்ரூக் அதைப் பிரார்த்தனையாக மாற்றிவிடுகிறார். மன்னிப்புக் கேட்கத் தேவாலயத்துக்குப் போக முடியாதவன், தேவாலயத்தைத் தன் தோலுக்கு வரவழைக்கிறான். இந்தப் பாட்டை எழுதியவரைக் குற்றத்தின் விளம்பரக்காரர் என்று என்னால் சொல்ல முடியாது.

அவருடைய அரசியல்?

கம்யூனிஸ்டுகளைப் பிடிக்காது. முடியாட்சிமேல் பற்று, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஆழ்ந்த நம்பிக்கை. தேசியவாத அரசியல்வாதி விளாதிமிர் ஜிரினோவ்ஸ்கியின் கட்சியில் உறுப்பினராக இருந்து அவருக்கு உதவியாளராகவும் செயல்பட்டார். பெண்களைப் பற்றியும் ஒருபாலின ஈர்ப்பு கொண்டவர்களைப் பற்றியும் அவர் பேட்டிகளில் சொன்னவை இன்று படிக்கக் கசப்பானவை. அவர் பாட்டை நேசிக்கிறவர்கள் இதை மூடிமறைக்கத் தேவையில்லை.

குடும்பம்?

முதல் திருமணம் 1987இல். ஒரு மகன் பிறந்தான், திருமணம் சீக்கிரமே முறிந்தது. 2000இல் செல்யாபின்ஸ்க் நகருக்குக் கச்சேரிக்குப் போனபோது, அங்கே ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருந்த இரினாவைச் சந்தித்தார். 2001இல் திருமணம். 2002 மே மாதம் மகன் அலெக்சாந்தர் பிறந்தான்.

எப்படி இறந்தார்?

2002 ஜூன் 30 நள்ளிரவை ஒட்டி, ட்வேரின் மாமூலினோ பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குள் இருவர் புகுந்தார்கள். முதலில் மாமியாரைத் தாக்கினார்கள். அவர் அலறலைக் கேட்டு க்ரூக்கும் இரினாவும் ஓடிவந்தார்கள். சுட்டார்கள். இரினா தப்பி அண்டை வீட்டுக்கு ஓடினார். குண்டடிபட்ட க்ரூக்கும் எழுந்து எப்படியோ அண்டை வீடுவரை வந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விடிந்தபின் உயிர் போயிற்று. கைக்குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பாடகி விகா சிகனோவாவோடு சேர்ந்து ‘ப்ரிஹோதித்யே வ் மோய் தோம்’ என்று பாடியிருந்தார். என் வீட்டுக்கு வாருங்கள், கதவு திறந்திருக்கிறது என்று அழைக்கிற பாட்டு. அவர் இறந்தபின் அந்தப் பாட்டைக் கேட்கவே பலரால் முடியவில்லை.

ட்வேர் நாடக அரங்கில் உடலை வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். ஜிரினோவ்ஸ்கியும் வந்தார்.

கொன்றவர்கள் பிடிபட்டார்களா?

பல ஆண்டுகள் துப்பு இல்லை. வதந்திகள் மட்டும் நிறைய: பணத்தகராறு, பழைய பகை, ஆல்பம் வியாபாரம் என்று. கடைசியில் 2019இல், வழக்கு துலங்கிவிட்டதாகப் புலனாய்வாளர்கள் அறிவித்தார்கள். ட்வேரில் கொலைகளுக்குப் பேர்போன ஓர் உள்ளூர்க் கும்பலைச் சேர்ந்த இருவர், கொள்ளையடிக்க வந்தவர்கள் என்பது அவர்கள் முடிவு. அவர்களில் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். இன்னொருவர் வேறு குற்றங்களுக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தார்.

இன்று அவர் நினைவு எப்படி இருக்கிறது?

2007இல் ட்வேரின் ரதிஷ்சேவ் சாலையில் வெண்கலச் சிலை வைத்தார்கள். பெஞ்சில் கித்தாரோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இடம் இருக்கிறது, வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரினா க்ரூக் கணவர் இறந்தபின் மேடையேறி, சொந்தப் பெயரில் பெரிய பாடகியானார். க்ரூக்கின் பழைய ஒலிப்பதிவோடு தன் குரலைச் சேர்த்து இரட்டைப் பாடல்களும் வெளியிட்டார். அவரைப் பிழைக்கத் தெரிந்தவர் என்று குறைசொன்னவர்கள் உண்டு. இருபத்தாறு வயதில் கைக்குழந்தையோடு விதவையான ஒருவர் பாடிப் பிழைத்ததில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

ரஷ்ய மொழி தெரியாது. எங்கே தொடங்கலாம்?

‘கோல்ஷிக்’கில் தொடங்குங்கள், மொழி தெரியாமலே அதன் வேண்டுதல் கேட்கும். அடுத்து ‘விளாதிமிர்ஸ்கி சென்ட்ரல்’. பிறகு ‘தேவச்கா பாய்’, நல்ல வீட்டுப் பெண் ஒருத்தி கெட்டுப்போன கதை, மெட்டு இலேசாக ஆடும். பல பாட்டுகளில் அவரோடு சேர்ந்து ஒலிக்கும் பெண் குரல் ஸ்வெத்லானா தெர்னோவாவுடையது. ஸ்டூடியோப் பதிவுகளில் அந்தக் காலத்து மலிவான கீபோர்டு ஓசை கொஞ்சம் உறுத்தும். முடிந்தால் கித்தாரோடு மட்டும் அவர் பாடிய வீடியோக்களைத் தேடி, அவற்றை முதலில் கேளுங்கள்.